பற்று வரவு

செவ்வாய்க்கிழமைகளில் சபேலா வருவாள்.
ரப்பர் பூட்ஸில் ஆரோசா கழிமுகத்துச் சேறு,
தோளில் ஈரச் சாக்கு, அதற்குள் ஐந்நூறு மட்டிகள்.
"தாடியை மழித்துத்தான் நாங்கள் விற்கிறோம்,
நீ தாடி முளைக்கிற இடத்துக்கே காசு கொடுக்கிறாய்"
என்று சிரிப்பாள். முன்பல் ஒன்று பாதிதான்.

தெப்பத்தின் அடியில் தொங்கும் கயிற்றில்
நேற்றுவரை இந்த ஐந்நூறும் பற்றிக் கிடந்தவை.
பிப்ரவரிப் புயல் தெப்பத்தையே பெயர்த்த அன்றும்
கயிறுதான் அறுந்தது, மட்டி விடவில்லை.
என் குளியலறைச் சுவரில் ஓர் ஓடு
மூன்றாம் முறையாக விழுந்து கிடக்கிறது.

மட்டிக்கு ஒரே கால்.
நாக்கு மாதிரி, ஊதா படிந்த பழுப்பில்.
நீட்டி, தொட்டுப் பார்த்து, பிடித்திருந்தால்
பள்ளத்தில் ஒரு சொட்டு வார்த்து நூலாக்கிவிட்டு
உள்ளே இழுத்துக்கொள்ளும்.
அந்தக் காலைத்தான் வெட்டுகிறேன்.
ஐந்நூறு கால் அரைத்தால் ஒரு கோப்பைக் கூழ்.
அதை ஊறவைப்பது வினிகரில்தான்,
கீரைக்கு ஊற்றும் அதே புளிப்பு, கொஞ்சம் படித்தது.
சுழற்றி, வடித்து, மறுபடி சுழற்றி
மாலையில் மிஞ்சுவது
ஊசிமுனை சுமக்கும் அளவு.

அதன் வரிசையைப் பாராமல் சொல்வேன்:
அலனின், லைசின், புரோலின், செரின், டைரோசின்,
புரோலின், புரோலின், த்ரியோனின், டைரோசின், லைசின்.
திரும்பவும் அலனின். திரும்பவும் லைசின்.
புது ஊரில் தொலையாமலிருக்க
முகவரியை முணுமுணுத்தபடி நடப்பவன் போல
அந்தப் புரதம் தன்னையே சொல்லிக்கொண்டு நீள்கிறது.
டைரோசின்கள் பலவற்றுக்கு மட்டி
கூடுதலாக ஒரு கை ஒட்டிவிடுகிறது,
ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும், அவ்வளவே.
பாறையைப் பிடிப்பது அந்தக் கை.

பாறையை மட்டுமா?
கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன், கண்ணாடி எடுத்துக்கொண்டது.
பிளாஸ்டிக்குக்கு மாறினேன், பிளாஸ்டிக்கும்.
வடிதாள், ஊசி, என் கையுறையின் சுட்டுவிரல்,
நுழைந்த வீட்டிலெல்லாம் தங்கிவிடும் விருந்தாளி.
நோட்டில் நடுக்கோடு கிழித்தேன்.
ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு.
பற்றின் பக்கம் இரண்டு முறை தாள் தீர்ந்தது.

நவம்பரில், புதிதாய் வந்த ப்ரைஸ்
புளிப்பைச் சேர்க்க மறந்துவிட்டான்.
காலையில் திறந்தால் எல்லாம் தேயிலைச் சாயம்.
ஆறு வாரம். நான் கத்தியது
மாடிப்படியில் இருந்த துப்புரவுக்காரர் வரை போனதாம்.
அவன் அழவில்லை. குழாய்களைக் கழுவ எடுத்துப் போனான்,
கழுவ முடியவில்லை என்று திரும்பி வந்தான்.

டிசம்பரில் சந்தியாகோவிலிருந்து குழு வந்தது.
"மூன்று ஆண்டு. எத்தனை மில்லிகிராம்?"
"நான்கு."
ஒருவர் பேனாவை மூடினார்.
அந்த மூடியின் சத்தம் இன்னும் கேட்கிறது.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
வீட்டில் யாரும் இல்லை என்பது ஒரு காரணம்,
மற்றது அந்தக் குப்பைப் பெட்டி.
எறியச் சோம்பி மூன்றாண்டாய் நான் சேர்த்த
காலிக் குழாய்கள், ஆயிரத்துக்கு மேல்.
ஒன்றில் நீலச் சாயம் விட்டுக் குலுக்கி, கொட்டினேன்.
சாயம் போய்விட்டது. நீலம் போகவில்லை.
அடுத்தது. அதற்கடுத்தது.
விடிய விடிய ஒவ்வொரு காலிக் குழாயும்
உள்சுவர் நீலமாகி நின்றது மேசையில்.
எவ்வளவு என்று அளக்க எனக்குத் தெரியாது.
அளவு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.
நோட்டைத் திறந்தேன், எந்தப் பக்கம் எழுதுவதென்று
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

செவ்வாய்க்கிழமை. சபேலா சாக்கை இறக்கினாள்.
ஒரு குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
"மட்டி ஓட்டின் உள்நிறம் இது" என்றாள்,
பிறகு எதையும் கேட்காமல்
பழைய சாக்கு எங்கே என்று கேட்டாள்.
அவளுக்கு ஒரு சாக்கு குறைகிறது, போன மாதத்திலிருந்து.